வடகடலில் கணவாய்த் தூண்டில்: செயற்கை இறாலை விழவைத்துப் பிடிக்கும் முறை

கைத்தூண்டிலில் நன்கு பழகியவர்களுக்குக்கூட, உயிர் இரை எதுவும் இல்லாமல் செயற்கை இறாலைக் கொண்டு கணவாய் பிடிக்கும் முறை தொடக்கத்தில் கைவராது. பாறை மீனோ சீலாவோ இரையைக் கவ்வியதும் இழுக்கும். அந்த வெட்டு விரலில் தெளிவாகத் தெரியும். கணவாய் அப்படி வருவதில்லை. அது இரையின் பின்னால் வந்து, சற்றுத் தொலைவில் நின்று பார்த்து, இரை தளர்ந்து கீழே இறங்கும் நேரத்தில் தன் இரண்டு நீண்ட பற்றுகைகளை நீட்டி அணைத்துக்கொள்கிறது. ஆகவே இந்தத் தூண்டிலில் நாம் செய்யும் அசைவுகள் எல்லாம் அதை அருகே வரவழைப்பதற்கு மட்டுமே உதவுகின்றன. பிடிபடுவது, நாம் ஒன்றும் செய்யாமல் நூலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில்தான். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் முதல் தேவிபட்டினம், தொண்டி வரை, வடகடல் என்று நாம் அழைக்கும் பாக் விரிகுடாவை ஒட்டி நீளும் நம் கரையில் இதை எப்படிச் செய்வது என்பதைச் சொல்கிறேன்.

நாம் தேடும் கணவாய்

நம் கடலில் ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய், பேய்க்கணவாய் எனப் பல உண்டு. கரையிலிருந்து செயற்கை இறாலுக்கு மிகுதியாக வருவது, துடுப்பு உடலின் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் ஓடுகின்ற, அகன்ற உடல் கொண்ட கணவாய். ஆய்வாளர்கள் அதைப் பாக் விரிகுடாக் கணவாய் என்று நம் கடலின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். அதன் அறிவியல் பெயர் செபியோடியூதிஸ் லெசோனியானா. ஜப்பானியர் அதை அவோரி இக்கா என்று அழைத்து, அதற்கென்றே எகி என்ற இறால் வடிவத் தூண்டிலை உருவாக்கினார்கள். முதலில் மரத்தில் செதுக்கப்பட்ட அந்த எகி, இன்று துணி போர்த்திய பிளாஸ்டிக் உடலும், மூக்குக்குக் கீழே ஈயமும், வாலில் இரண்டு அடுக்காக மேல்நோக்கி வளைந்த முட்களும் கொண்டு கடைகளில் கிடைக்கிறது.

இந்தக் கணவாயின் வாழ்நாள் ஓராண்டுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் குறுகிய காலத்துக்குள் அது வளர்ந்து, இணைந்து, கடற்புல்லிலும் பவளப்பாறையிலும் மூழ்கிக் கிடக்கும் கயிறுகளிலும் முட்டையிட்டு மடிகிறது. பாக் விரிகுடாவின் ஆழம் குறைவு என்பதும், அதன் அடித்தளத்தில் பரந்த கடற்புல் வெளிகள் உண்டு என்பதும் இந்த உயிருக்குப் பெரும் வசதி. ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் அதே புல்வெளியில்தான் இறாலும் சிறுமீனும் ஒதுங்குகின்றன, அவற்றைத் தேடிக் கணவாயும் வருகிறது. எனவே எங்கே வீசுவது என்ற கேள்விக்கு முதல் விடை, புல்லும் மணலும் சந்திக்கும் விளிம்பு என்பதே. முழுவதும் புல்லாக இருக்கும் இடத்தில் முள் சிக்கும். வெறும் மணலில் கணவாய்க்கு மறைவிடம் இல்லை. வெயில் உச்சியில் இருக்கும்போது கரையில் நின்று பார்த்தால் புல் கரும்பச்சைத் திட்டாகவும் மணல் வெளிர்நிறமாகவும் தெரியும். அந்நேரம் இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு மாலையில் வந்து வீசுவது நல்லது.

காற்றும் கடலும்

கணவாய் கண்ணால் வேட்டையாடும் உயிர். கடல் கலங்கிக் கிடக்கும் நாளில் எவ்வளவு விலையுயர்ந்த எகியும் பயன்படாது. ஆகவே நாள் பார்ப்பதைவிடக் காற்றுப் பார்ப்பது முக்கியம். மண்டபம் நிலமுனையும் இராமேசுவரம் தீவும் இதில் நமக்குக் கொடுத்திருக்கும் வாய்ப்பு வேறு கரைகளில் எளிதாகக் கிடைக்காது. இங்கே வடகடலும், தென்கடலாகிய மன்னார் வளைகுடாவும் முதுகோடு முதுகாகக் கிடக்கின்றன. ஒன்று கலங்கினால் சிறிது தொலைவு நடந்தோ வண்டியிலோ மற்றொன்றுக்குப் போய்விடலாம். வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களில் வடகடல் கொந்தளித்துக் கலங்கிவிடும், தென்கரை ஒப்பீட்டளவில் ஒதுக்கமாக இருக்கும். தென்மேற்குக் காற்று வலுக்கும் காலத்தில் தென்கடல் அடித்துக்கொண்டிருக்க, வடகரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போவதால் கரையோர நீர் அமைதியாகிவிடுகிறது. இரண்டு பருவங்களுக்கும் இடையே, மாசி, பங்குனியில், வடகடல் கண்ணாடிபோல் தெளிந்து கிடக்கும் நாள்கள் வரும். புதிதாகப் பழகுபவர்கள் அந்த நாள்களைத் தவறவிடக்கூடாது.

முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் காற்று வீச்சைத் தூரமாக்கும். பக்கக் காற்று மட்டும் தொல்லை. அது நூலை வில்லாக வளைத்து, இறால் விழுவதை நாம் அறியவிடாமல் செய்துவிடும். அப்படிப்பட்ட நாளில் காற்றை எதிர்த்துப் போராடுவதைவிடக் கரையின் வளைவில் வேறிடம் தேடுவதே மேல்.

வடகடலில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகையால் நீர் மட்டத்தைவிட நீரோட்டம்தான் கணக்கில் வரும். பாம்பன் கால்வாயில் ஓட்டம் மிகக் கடுமையானது. வாடைப் பருவத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும், தென்மேற்குப் பருவத்தில் தெற்கிலிருந்து வடக்காகவும் பாயும். அந்த ஓட்டத்தின் நடுவில் எகி நிற்காமல் அடித்துச் செல்லப்படும். ஓட்டம் சுழன்று தளரும் ஓரங்களில்தான் கணவாய் தங்கும். அதிகாலையில் வெளிச்சம் பரவும் நேரமும் மாலையில் பொழுது இறங்கும் நேரமும் சிறந்தவை. இரவில் துறையின் விளக்கொளி நீரில் விழும் இடமிருந்தால், ஒளியும் இருளும் சேரும் கோட்டில், இருட்டுப் பக்கத்தில் கணவாய் காத்திருக்கும். தலைவிளக்கை நீரின் மேல் அடிக்காமல், முடிச்சுப் போடும்போது மட்டும் திரும்பி நின்று பயன்படுத்த வேண்டும்.

இடம் நல்லதா என்று அறிய மற்றொரு வழியும் உண்டு. படகுத்துறையின் கல்லிலும் சுவரிலும் காய்ந்த கறுப்பு மைக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே யாரோ அண்மையில் கணவாயைத் தூக்கியிருக்கிறார்கள் என்று பொருள். மழை பெய்து கழுவாத நாளில் இந்த அடையாளம் பொய்யாகாது.

கருவிகள்

ஏழரை முதல் எட்டரை அடி நீளமுள்ள, நுனி மென்மையாகவும் நடு உறுதியாகவும் இருக்கும் ராடு போதும். ரீல் 2500 அல்லது 3000 அளவு. நூல் மெல்லிய பிரெய்டாக, அதாவது இழைகளைப் பின்னிய நூலாக, இருப்பது அவசியம், ஏனெனில் தடித்த நூல் நீரில் இழுபட்டு எகி விழும் வேகத்தையே மாற்றிவிடுகிறது. 10 முதல் 15 பவுண்டு தாங்கும் பிரெய்டு கரைக்குச் சரியாக இருக்கும். அதன் முனையில் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஃபுளோரோகார்பன் நரம்பு கட்ட வேண்டும். பாறையிலும் பவளத்திலும் உரசும்போது பிரெய்டு எளிதில் அறுந்துவிடும், இந்த நரம்பு தாங்கும். எகியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் நரம்பின் முனையில் சிறிய கிளிப் ஒன்றைக் கட்டிவைத்தால் ஒவ்வொரு முறையும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஈயக்குண்டு தனியாகக் கட்டக் கூடாது, அது எகியின் சமநிலையைக் கெடுத்துவிடும்.

ராடு இல்லாதவர்கள் தங்கூசி நரம்பைக் கையில் சுற்றியே தொடங்கலாம். படகுத்துறையின் ஓரத்தில் நின்றோ வத்தையில் அமர்ந்தோ நேர்கீழாக இறக்கும் முறைக்குக் கை ராடைவிட நுட்பமாக உணரும் என்பதே என் எண்ணம். கரையிலிருந்து தொலைவில் வீசுவதற்குத்தான் ராடு இன்றியமையாததாகிறது.

எகியின் அளவுகள் பழைய ஜப்பானிய அங்குலக் கணக்கில் வருகின்றன: 2.5 என்றால் ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர், 3.0 என்றால் ஒன்பது, 3.5 என்றால் பத்தரை. நம் கரையோர ஆழத்துக்கு 2.5, 3.0 இரண்டும் பெரும்பாலும் போதும். அளவைவிடக் கவனிக்க வேண்டியது அது இறங்கும் வேகம். பொதுவான 3.5 எகி ஒரு மீட்டர் இறங்க மூன்று நொடியளவு எடுத்துக்கொள்ளும். ஆழமற்ற நீருக்கென்று செய்யப்பட்டவை அதைவிட மிக மெதுவாக இறங்கும். இடுப்பளவு, தலையளவு நீரில் வேகமாக இறங்கும் எகியை வீசினால் கணவாய் நெருங்குவதற்குள் அது புல்லில் புதைந்துவிடும். எனவே வடகடலின் கரைக்கு மெதுவாக இறங்குபவற்றையே வாங்குங்கள். அட்டையில் அந்த வேகம் குறிக்கப்பட்டிருக்கும்.

நிறத்தைப் பற்றிக் கடைகளில் நிறையச் சொல்வார்கள். கணவாயின் கண்ணில் ஒரே வகை ஒளிநிறமியே இருப்பதால் அது நம்மைப்போல் நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒளியின் அளவையும், ஒளி அதிரும் திசையையும்தான் அது நுட்பமாக உணர்கிறது. அதாவது செம்மஞ்சள், இளஞ்சிவப்பு என்னும் வேறுபாடு பெரும்பாலும் நம் கண்ணுக்கு எகி தெரிவதற்கே உதவுகிறது. பின்னணியில் அது வெளிறித் தெரிகிறதா, கறுத்துத் தெரிகிறதா, மின்னுகிறதா என்பதே கணவாய்க்குப் பொருட்டு. தெளிந்த பகல் நீருக்கு இயற்கையான மங்கிய நிறத்தில் ஒன்று, அந்திக்கு அடர்நிறத்தில் ஒன்று, இரவுக்கு ஒளிரும் உடலோடு ஒன்று என மூன்று எகிகளோடு தொடங்கினால் பணம் வீணாகாது.

வீச்சும் விழுகையும்

இனி முதன்மையான பகுதிக்கு வருவோம். வீசியதும், நூலை ஓடவிடத் திறந்த ரீலின் வளைகம்பியை உடனே மூடாமல், எகி நூலைத் தானே இழுத்துக்கொண்டு இறங்க விடுங்கள். அப்போது மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நூல் திடீரென்று தளர்ந்து நின்றால் எகி தரையைத் தொட்டுவிட்டது. பன்னிரண்டு எண்ணும்போது தரை தட்டியது என்றால், அடுத்த வீச்சில் பத்து எண்ணியதும் கம்பியை மூடிவிட வேண்டும். இந்த எண்ணிக்கைதான் கண்ணுக்குத் தெரியாத கடலடியை நமக்கு வரைந்து காட்டுகிறது. ஓரிடத்தில் நின்று விசிறிபோல் திசை மாற்றி மாற்றி வீசி எண்ணினால், எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே புல் என்பது சிறிது நேரத்தில் விளங்கிவிடும்.

பிறகு நூலின் தளர்வைச் சுற்றி எடுத்து, ராடைக் கீழிருந்து மேலாக இரண்டு முறை சுண்டுங்கள். கையை ஓங்கி வீச வேண்டாம். மணிக்கட்டும் முழங்கையும் சேர்ந்து செய்யும் சுருக்கமான சுண்டலே போதும். நீருக்கடியில் எகி, அஞ்சிய இறால் பின்னோக்கித் துள்ளுவதைப்போல் எழும்பி இடமும் வலமும் தாவும். இந்தத் துள்ளல்தான் தொலைவில் இருக்கும் கணவாயைக் கவரும். சுண்டி முடித்ததும் ராடின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்தி, நூலை மிக லேசான இறுக்கத்தில் வைத்துக்கொண்டு, எகி மூக்கு கீழாகச் சாய்ந்து இறங்குவதற்கு நேரம் கொடுங்கள். நூல் முழுவதும் தொய்ந்தால் கணவாய் தொடுவது தெரியாது. மிகவும் இறுகினால் எகி இயல்பாக விழாமல் நம்மை நோக்கி இழுபடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இறுக்கத்தைக் கை கற்றுக்கொள்வதற்கே பல மாலைகள் ஆகும். வேறெதற்கும் இவ்வளவு காலம் ஆகாது.

பிரிட்டனின் ஏரிகளில் டிரௌட் மீனைப் பூச்சித் தூண்டிலால் பிடிப்பவர்களும் இதையே வேறு வகையில் செய்கிறார்கள். அங்கே கடிக்காத கொசுவினப் பூச்சிகளின் கூட்டுப்புழு ஏரியின் அடியிலிருந்து மெல்ல மேலே எழும். அதைப் போலவே நூலாலும் பசையாலும் கட்டிய பஸ்ஸர் என்ற மெல்லிய தூண்டிலை நீண்ட நரம்பில் கட்டி வீசி, காற்று நூலைத் தள்ளும் வேகத்துக்கு மேல் அசைக்காமல் காத்திருப்பார்கள். அந்த இரை எழும் இரை. நம்முடையது விழும் இரை. இரை இயற்கையில் எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகுமோ அதை மீறாமலிருப்பதுதான் இரு நீர்களிலும் ஒரே விதி. நூலைப் பார்த்தே தொடுகையை அறியும் பழக்கமும் இரண்டுக்கும் பொது.

கணவாய் தொட்டதை நூல் மூன்று வகையாகக் காட்டும். இறங்கிக்கொண்டிருந்த நூல் எண்ணிக்கை முடியுமுன்பே நின்றுவிடலாம்; நூல் சட்டென்று முன்னே ஓடலாம்; அல்லது பக்கவாட்டில் மெல்ல நகரலாம். இதில் முதல் வகையைத்தான் பலரும் தரை என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். எண்ணும் பழக்கம் இருந்தால் அந்தத் தவறு நேராது: பன்னிரண்டில் தட்ட வேண்டிய தரை ஆறில் தட்டினால் அது தரை இல்லை. ஐயம் வந்தால் ராடை மெதுவாக உயர்த்திப் பாருங்கள். ஈரத்துணி மாட்டியதுபோல் ஒரு கனம் இருந்தால் கணவாய் பற்றியிருக்கிறது.

ஒரு சுற்றில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் சுண்டுவதைக் கூட்டுவதற்கு மாறாகக் காத்திருப்பதைக் கூட்டுங்கள். கணவாய் பின்தொடர்ந்து வந்து கரையருகே நின்று பார்ப்பதைத் தெளிந்த நீரில் காணலாம். அப்போது எகியை இழுத்தால் அது விலகிப்போகும். விழவிட்டால் பெரும்பாலும் அணைத்துக்கொள்ளும். அப்படியும் வராவிட்டால் ஓரளவு சிறிய எகிக்கு மாறி அதே இடத்தில் மறுபடி இறக்குங்கள்.

கரைசேர்த்தல்

எகியின் முட்களில், மீன் பிடிக்கும் தூண்டில் முள்ளில் உள்ளதுபோன்ற எதிர்க்கொக்கி இல்லை. ஆகையால் நூல் ஒரு கணம் தளர்ந்தாலும் கணவாய் கழன்றுவிடும். அதே வேளையில் வெட்டி இழுத்தால் பற்றுகை அறுந்து அது மட்டும் முள்ளில் வரும். உறுதியாக, ஆனால் அதிர்வில்லாமல் ராடைத் தூக்கி, பிறகு ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். ரீலிலிருந்து நூல் எவ்வளவு இழுப்புக்கு ஓட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் டிராகைச் சற்றுத் தளர்வாகவே வைத்திருங்கள். சுண்டும்போது லேசாக வழுக்கும் அளவு சரி. கணவாய் நீரைப் பீய்ச்சி விட்டுவிட்டுத் தள்ளும். அது தள்ளும்போது நூலைப் போகவிட்டு, ஓயும்போது சுற்றினால் தானே களைத்துவிடும்.

வலையில் ஏந்தும்போது தலைப்பக்கமாகப் போகாதீர்கள். அது தப்பிக்கப் பின்னோக்கியே பாயும், எனவே வலையை வால்முனைக்குப் பின்னால் நீரில் அமிழ்த்தி வைத்துக்கொண்டால் அதுவே உள்ளே வந்து விழும். நீரை விட்டுத் தூக்குமுன் மையை நீரிலேயே உமிழவிடுங்கள். கையில் எடுக்கும்போது தலைக்குப் பின்னால் பிடித்து, அடியிலுள்ள குழாய் உங்களையும் அருகில் நிற்பவரையும் நோக்காதபடி திருப்பிக்கொள்ளுங்கள். வாயின் நடுவே கிளியலகு போன்ற கூரிய அலகு உண்டு, அங்கே விரல் போகக்கூடாது.

உண்பதற்கென்று எடுத்துக்கொள்வதானால் அதை மூச்சுத்திணறிச் சாகவிடுவது தகாது. இரண்டு கண்களுக்கும் நடுவே சற்று மேலே கூரான கத்திமுனையால் குத்தினால், ஒளிரும் நிறங்கள் சட்டென்று வெளிறி உடல் வெண்மையாகிவிடும். உயிர் போய்விட்டதற்கு அதுவே அடையாளம். பிறகு பையில் இட்டுக் கட்டிப் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். உருகும் நன்னீர் நேராகப் பட்டால் சதையின் சுவை குறையும்.

எதை விட வேண்டும், எங்கே போகக் கூடாது

உள்ளங்கையளவு உடல் வளராத கணவாயை விட்டுவிட வேண்டும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். ஓராண்டுக்குள் வாழ்ந்து முடியும் உயிருக்கு முட்டையிடும் வாய்ப்பு இரண்டாம் ஆண்டில் வராது. எதிர்க்கொக்கி இல்லாத முள் என்பதால் நீருக்குள்ளேயே எகியைத் தலைகீழாக்கினால் காயமின்றிக் கழன்றுவிடும். புல்லிலோ கயிற்றிலோ வெண்ணிற விரல்கள் கொத்தாகத் தொங்குவதுபோல் முட்டைப்பைகளைக் கண்டால் அவ்விடத்தில் தூண்டில் போடாதீர்கள். அவை பொரிக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். முட்டையிடும் நாள்களில் தாய்க்கணவாய்கள் அங்கே திரும்பத் திரும்ப வரக்கூடும், அவற்றைப் பிடிப்பது மிக எளிது என்பதே அவற்றை விட்டுவிடுவதற்குக் காரணம். ஆண் கணவாயின் முதுகில் குறுக்காக வெண்கோடுகளும் பெண்ணின் முதுகில் வட்டப் புள்ளிகளும் தெரியும். நல்ல வெளிச்சத்தில் இதைக் கொண்டு பெண்ணை இனங்கண்டு விட்டுவிடலாம்.

தென்கடலில் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் அவற்றைச் சூழ்ந்த கடலிலும் அனுமதியின்றி நுழையக்கூடாது. வடகடலில் படகு அமர்த்திப் போவதானால் இலங்கையுடனான கடல் எல்லைக்கோட்டை அறிந்த உள்ளூர் மீனவரோடு மட்டுமே போக வேண்டும், கரையை விட்டு வெகுதூரம் போகத் தேவையும் இல்லை. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் துறையின் ஓரத்தில்கூட நிற்காதீர்கள். நீரில் இறங்கி நின்று வீசுபவர்கள் தடித்த அடியுள்ள காலணி அணிந்து, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்தபடியே நடந்தால் திருக்கை விலகிப்போகும். வலை காயும் இடத்திலும் படகு ஏறும் இடத்திலும் நிற்குமுன் அங்குள்ள அண்ணன்மாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. அவர்கள் கைகாட்டும் இடம் நாம் நினைத்ததைவிடப் பெரும்பாலும் நல்ல இடமாகவே இருக்கும். அறுந்த நூலைக் கடலில் விடாமல் சுருட்டி எடுத்துவருவது இந்தக் கடலில் இன்னும் முக்கியம், ஆமையும் ஆவுளியாவும் மேயும் புல்வெளியில் அது சிக்கிக் கிடக்கும்.

வீடு திரும்பிய பின்

கணவாயைச் சுத்தம் செய்வது எளிது. தலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் குடலும் வெள்ளிநிற மைப்பையும் சேர்ந்து வந்துவிடும்; உடலுக்குள் கண்ணாடித் தகடுபோல் நீண்டிருப்பதையும் உருவி எடுத்து, அலகை நீக்கி, தோலை உரித்துவிடுங்கள். வறுப்பதானால் வாணலி நன்கு சூடேறிய பின் போட்டு இரண்டு மூன்று நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும். குழம்புக்கானால் முக்கால் மணி நேரம் சிறு தீயில் வேகட்டும். இரண்டுக்கும் நடுவில் இறக்கினால் சதை ரப்பர்போல் இழுபடும்.

எகிகளை அன்றே நன்னீரில் ஊறவைத்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். உப்புத்தண்ணீரோடு பெட்டியில் மூடிவைத்தால் முட்கள் துருவேறி, போர்த்திய துணியும் நாற்றமடித்துப் பிய்ந்துவிடும். முள் மழுங்கியிருக்கிறதா என்று நகத்தில் வைத்துப் பாருங்கள்; நகத்தில் வழுக்கும் முள்ளைச் சிறு அரத்தால் தீட்டி, அது நகத்தில் பதியும் அளவு கூர்மையான பிறகே அடுத்த முறைக்கு எடுத்துவையுங்கள்.